பருப்புத் தண்ணி

இந்தக் கட்டுரையில் தற்பெருமை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். பிடிக்காதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்துத் தொண்டை வறண்டவளுக்கு, ஒரே ஒரு கோடையைப் பற்றிப் பீற்றிக்கொள்ளக்கூட உரிமை இல்லையா என்ன?

எண்பதுகளின் தொடக்கம். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சேர்த்து ஆம்பூர்ப் பக்கம் கோடை விடுமுறையில் ஒரு சுற்றுச்சூழல் கல்வி முகாம் நடக்கிறது, திருநெல்வேலியிலிருந்து நீ நான்கு மாணவிகளை அழைத்துக்கொண்டு போ என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். ‘சுற்றுச்சூழல்’ என்ற சொல்லே அப்போது எங்கள் ஊருக்குப் புதுசு. “யாரு சூழ்ந்துட்டாக ஒன்ன?” என்று அம்மா கேட்டாள். அவளுக்கு மதுரைக்கு வடக்கே எல்லாமே வெளிநாடு. கப்பல் ஏறப்போகிறவளுக்குக் கட்டுவதுபோல இட்லிப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தாள்.

நான்கு பேரில் மூன்று பேர் நன்றாகப் படிக்கிற அடக்கமான பிள்ளைகள். நான்காவது பேச்சியம்மாள். படிப்பில் நடுவாந்தரம், பேச்சில் முதல் மதிப்பெண். தூக்கத்தில்கூட யாருக்காவது பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். “அவளையா கூட்டிட்டுப் போறீக? வாய மூடத் தெரியாத பிள்ளையாச்சே!” என்று ஆசிரியைகள் அறையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கேள்வி கேட்கிற பிள்ளையை விட்டுவிட்டுத் தலையாட்டுகிற பிள்ளையையா அறிவியல் முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போவது?

வேலூரிலிருந்து கிளம்பிய பஸ் பள்ளிகொண்டாவில் மூச்சை விட்டது. கீழே இறங்கி வெயிலில் நின்றோம். வேலூர் வெயில் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அது தலையில் கை வைத்து அமுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. இந்த ஊரில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார் என்று நான் பிள்ளைகளுக்கு விளக்க, “சாமியே படுத்திருக்காரு, பஸ் படுத்தா என்ன டீச்சர்?” என்றாள் பேச்சி. பக்கத்தில் நின்ற இரண்டு வியாபாரிகள் உருதுவில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். எங்களோடு நின்ற ஒரு கல்லூரிப் பையன் அதை எனக்குத் தமிழாக்கினான்: “இந்த பஸ்ஸை நம்பிப் புறப்பட்ட மாடு, ஆம்பூர் போய்ச் சேரும்போது தோலாகத்தான் சேருமாம்.” எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த பஸ்ஸுக்குச் சாமான்களை மாற்றும்போதுதான் என் சிரிப்பு அடங்கியது. எங்கள் பள்ளி ஆய்வகத்திலிருந்து சோதனைக் குழாய்களையும் மருந்துப் புட்டிகளையும் வைக்கோல் வைத்து ஒரு மரப்பெட்டியில் கட்டிக் கொண்டுவந்திருந்தேன். மேலிருந்து கண்டக்டர் அதை ‘தொப்’பென்று போட்டார். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது.

“இன்னா டீச்சர், கண்ணாடின்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்று அவர் என்னையே கோபித்துக்கொண்டார். பெட்டியின் மூன்று பக்கத்திலும் ‘கண்ணாடி’ என்று எழுதியிருந்தேன். அவர் நான்காவது பக்கத்தைப் பார்த்திருக்கிறார்.

முகாம் ஆம்பூரை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. இறங்கியதும் ஒரு வாடை வந்து முகத்தில் அறைந்தது. தோல், சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை எல்லாம் ஒன்றாக ஊறினால் வருகிற வாடை. என் பிள்ளைகள் நால்வரும் தாவணி முந்தானையை மூக்கில் வைத்தார்கள். “எடுங்க கைய. இந்த ஊர்க்காரங்க முன்னாடி அப்படிச் செய்யக் கூடாது” என்று அதட்டினேன். அதட்டிவிட்டு நான் அந்தப் பக்கம் திரும்பி மூச்சைப் பிடித்துக்கொண்டது வேறு விஷயம். மறுநாள் மாலைக்குள் வாடை மறந்தே போயிற்று. மூக்குக்கு அவ்வளவுதான் ரோஷம்.

முகாமை நடத்தியவர் பீட்டர் சார். வேலூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவர். மெலிந்த உடம்பு, யாரையும் கடிந்து பேசத் தெரியாத குரல். எங்கள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, செத்த வீட்டுக்கு வந்தவர்போலத் தலையை ஆட்டினார். மற்ற பள்ளிகளிடம் கொஞ்சம் கடன் கேட்டுப் பாருங்கள் என்றார். வாலாஜாபேட்டையிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவரிடம் பெரிய பெட்டி நிறையச் சாமான் இருந்தது. போய் நயமாகக் கேட்டேன். அவர் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டே, “டீச்சர், உங்க பருப்பு இங்க வேகாது” என்று சொல்லிப் பல்லைக் காட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த வார்த்தையை அன்றைக்கே முடிந்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எல்லோரையும் பாலாற்றுக்கு அழைத்துப்போனார்கள். நீளமான பாலத்தின் மேல் நின்று பேச்சி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

“பாலம் இருக்கு டீச்சர். ஆறு எங்க?”

கீழே மணல்தான் இருந்தது. கண்ணுக்கெட்டிய மட்டும் மணல். தாமிரபரணியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு பள்ளிக்கூடம் வருகிற பிள்ளைகள் அவர்கள். ஆறு என்றால் தண்ணீர் என்று நினைத்திருந்தவர்கள். பீட்டர் சார் அவளுக்குப் பொறுமையாகச் சொன்னார்: “ஆறு கீழ போவுதும்மா. மேல மணலு, அடியில தண்ணி. ஆனா இப்போ அடியிலயும் உப்பு ஏறிக்கினு இருக்குது.” தோல் பதனிடும் இடங்களிலிருந்து வெளியேறுகிற உப்பு எப்படி மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளுக்குப் போகிறது என்று குச்சியால் மணலிலேயே படம் போட்டுக் காட்டினார். பேச்சி குச்சியை வாங்கி, ஒரு கேள்வியும் கேட்காமல் அந்தப் படத்தையே மறுபடி போட்டாள். எனக்கே பயமாகிவிட்டது, வெயில் அடித்துவிட்டதோ என்று.

அன்று மத்தியானம் ஆம்பூர் பிரியாணி. நான் சைவம். எனக்கென்று வெறுஞ்சோறும், பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளச் செய்த கத்திரிக்காயும் வைத்தார்கள். அந்தக் கத்திரிக்காய்க்காகவே இன்னொரு முறை ஆம்பூர் போகலாம். எங்கள் ஊரில் கத்திரிக்காயை இவ்வளவு மரியாதையாக யாரும் நடத்துவதில்லை. ஆனால் சாயங்காலம் கிடைத்த சாம்பாரில் பருப்பு தனியாகவும் தண்ணீர் தனியாகவும் கோபித்துக்கொண்டு நின்றன. சமையல்காரருக்குக் கைப்பக்குவம் போதாது என்று நான் வஞ்சனை இல்லாமல் திட்டினேன்.

அதற்கடுத்த நாள்தான் வேலை தொடங்கியது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு தெரு. வீடு வீடாகப் போய் ‘உங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படி?’ என்று கேட்டுவர வேண்டும். கடைசி நாள் கண்காட்சிக்குக் குடிநீர் அதிகாரி ஒருவர் வருகிறார், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துக்கெல்லாம் புதுக் குழாய் போடுகிற பொறுப்பு அவருடையது, எந்தத் தெருவுக்கு முதலில் தேவை என்று நாம் காட்டினால் அவர் கேட்பார் என்று பீட்டர் சார் சொல்லியிருந்தார்.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு தோல் பதனிடும் ஆலையின், அந்த ஊர்ப் பேச்சில் ‘ஷாப்’பின், பின்சுவரை ஒட்டிய தெரு. பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்கள். ஆண்கள் ஷாப்பில் வேலை, பெண்களில் சிலர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. நாங்கள் கேட்ட வீட்டில் எல்லாம் ஒரே பதில்: “நல்ல தண்ணிதாம்மா. இன்னா கொறச்சல்?” கிணற்றில் இறைத்த தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆனால் வீட்டுக்காரம்மாவே நல்ல தண்ணீர் என்கிறபோது நான் எப்படி இல்லை என்பது? மற்றத் தெருக்களுக்குப் போன பள்ளிகளும் இதே பதிலோடு திரும்பிவந்தன. “எப்பவும் இதே பேஜார்தான் டீச்சர். யாரும் கொற சொல்லலியேன்னு ஆபீசுல கேக்கறாங்க. நான் இன்னா பண்றது?” என்று பீட்டர் சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எங்கள் தெருவில் எஸ்தர் என்ற அம்மா மட்டும் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார். வாட்டசாட்டமான உடம்பு, வாய் நிறையச் சிரிப்பு. அவருடைய மகள் ரூத், பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு ஷாப்பில் காலணிக்கு மேல்தோல் தைக்கப் போய்க்கொண்டிருந்தாள். அதிகம் பேசாத பெண். மத்தியான வேளை. எஸ்தர் இடுப்பில் குடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, “ரூத்து, வந்தவங்கள கவனி. நான் பருப்புத் தண்ணிக்குப் போய்ட்டு வர்றேன்” என்று கிளம்பினார்.

நான் அடுத்த வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பேச்சியைக் காணோம்.

தெருவெல்லாம் தேடினோம். ரயில் பாதை பக்கத்தில் இருக்கிறது, பயம் எனக்கு. பெற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வேன்? அப்போது தூரத்தில் எஸ்தர் வந்தார். அவர் பின்னால், இடுப்பில் அவருடைய குடமும் கையில் எங்கள் முகாம் டம்ளருமாக, தண்ணீரைச் சிந்திக்கொண்டே பேச்சி வந்தாள். எஸ்தர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் பருப்புத் தண்ணி என்றால் பருப்பு வேகவைத்து இறுத்த தண்ணீர். உப்பும் மிளகும் போட்டுக் குழந்தைக்கும் காய்ச்சல்காரர்களுக்கும் கொடுப்பது. முந்தின நாள் சாம்பாரில் ஏமாந்த பேச்சி, எங்கேயோ பருப்புத் தண்ணி ஊற்றுகிறார்கள் என்று நினைத்து டம்ளரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போயிருக்கிறாள். ரயில் பாதையைத் தாண்டி, வெயிலில் ஒரு தென்னந்தோப்பு வரைக்கும் நடை. அங்கே ஒரு கிணற்றைச் சுற்றிக் குடங்களோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். இவளும் வரிசையில் டம்ளரோடு நின்றாள். முறை வந்ததும், “எனக்கு மிளகு கொஞ்சம் தூக்கலா” என்று கேட்டிருக்கிறாள்.

“அய்ய, அதெல்லாம் இல்லம்மா! பருப்பு வேக வெக்கற தண்ணிம்மா இது. எங்க தெருத் தண்ணியில பருப்பு வேகாது. நாளெல்லாம் கொதிச்சாலும் கல்லு மாதிரி கெடக்கும்” என்று எஸ்தர் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்கிறது.

வீட்டுக்குள் வந்து குடத்தை இறக்கியதும் சிரிப்பு போய்விட்டது. “நல்ல தண்ணின்னு சொன்னீங்களேம்மா?” என்று நான் கேட்டேன்.

“பின்ன இன்னா டீச்சர் சொல்றது? உப்புத் தண்ணித் தெருன்னு பேரு வந்துட்டா மாமியா வூட்டுக்கு வந்தா வாயில வெக்கத் தண்ணி இல்லன்னு எவன் பொண்ணு எடுப்பான்? எவன் பொண்ணு குடுப்பான்? கல்யாணம் ஆனதுலேர்ந்து கொடம் தூக்கணுமேன்னு ஓடிப் போய்டுவாங்க. அதான் தெருவே பேசி வச்சிக்கினு கீறோம், யார் கேட்டாலும் நல்ல தண்ணின்னு.” ரூத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இவளுக்கு வாணியம்பாடிப் பக்கம் ஒரு எடம் வந்துகீது. மாப்பிள்ளைக்கு நல்ல வேல. அந்தப் பையனோட தங்கச்சி மெர்சி உங்க கேம்புல தான் கீறா. எங்க தெரு பேரு வெளிய வந்துச்சு, அவ நேரா அவங்க அம்மாகிட்ட போய் ஓதிடுவா. அவ்ளோதான், முடிஞ்சிது.”

“ஷாப்புக்காரங்ககிட்ட கேக்கலாம்லா?” என்றாள் பேச்சி.

“அந்த ஷாப்புலதான் இவ அப்பா வேல செய்றாரு, இவளும் செய்றா. அதுலதான் சோறு துன்றோம். நாங்க போய் இன்னான்னு கேக்கறது?”

பேச்சி நெஞ்சில் கையை வைத்தாள். “இசக்கியம்மன் மேல சத்தியமா, ஒங்க தெரு பேர நான் சொல்ல மாட்டேன் அக்கா.”

“சத்தியம்லாம் வேணாம் கண்ணு. வாய மூடிக்கினு இரு, அது போதும்” என்றார் எஸ்தர். நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன், இந்த அம்மா கேட்டது உலகத்திலேயே கஷ்டமான காரியம் என்று.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது பேச்சி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். திடீரென்று, “டீச்சர், சோதனைக் குழாய் ஒடஞ்சா என்ன? பருப்பு இருக்குல்லா?” என்றாள். அந்த நிமிஷம் அவளைத் தூக்கிச் சுற்றலாம்போல இருந்தது எனக்கு. நான் அறிவியல் ஆசிரியை. கடின நீரில் பருப்பு வேகாது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதை அடுப்பில் ஏற்ற எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் எங்கள் பிள்ளைகள் கேள்வியை மாற்றினார்கள். ‘தண்ணி நல்லாருக்கா?’ என்று எந்த வீட்டிலும் கேட்கவில்லை. “பருப்புக்கு எங்க தண்ணி எடுக்கீங்க?” என்று கேட்டார்கள். அவ்வளவுதான், மடை திறந்தது. மற்றப் பள்ளிகளின் தெருக்களுக்கும் போனார்கள். தோப்புக் கிணறு, ரயில் பாதைக்கு அப்பால், யாரோ ஒருவர் வீட்டுத் தோட்டம் என்று தெருவுக்கு ஒரு பருப்புத் தண்ணி இருந்தது. ஒவ்வொரு தெருக் கிணற்றிலும் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிவந்தார்கள். சமையல்காரரிடம் நான் முன்பு திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டு, அடுப்பு வாங்கினேன். ஒரே பருப்பு, ஒரே அளவு, ஒரே தீ. வெந்ததையும் வேகாததையும் தனித்தனி டம்ளரில் ஊற்றி வைத்தோம். தென்னந்தோப்புத் தண்ணீரில் பருப்பு வெண்ணெயாய்க் குழைந்திருந்தது. எஸ்தர் தெருத் தண்ணீரில் போட்ட பருப்பு டம்ளர் அடியில் கூழாங்கல்லாகக் கிடந்தது. தெருப் பெயர்களை மட்டும் எழுதவில்லை. ஒரு தெருவின் பெயரை மறைத்து மற்றத் தெருவின் பெயரைப் போடுவது நியாயமில்லை என்று பேச்சி சொல்லிவிட்டாள்.

கண்காட்சி நாளன்று பெற்றோர்களும் தெருக்காரர்களும் வந்து பள்ளிக்கூட மைதானம் நிறைந்தது. வாலாஜாபேட்டை ஆசிரியரின் மேசையில் வண்ண வண்ண நீர்கள், தெர்மோகோல் மலை, தெர்மோகோல் ஆறு. அவருடைய ஆற்றில் தண்ணீர்கூட ஓடியது. எங்கள் மேசையில் டம்ளர்களில் பருப்பு. “இன்னா டீச்சர், ஓட்டல் வச்சிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர். எங்கள் மேசைக்கு வந்ததும் நின்றார். பேச்சி சொல்லச் சொல்ல, ஒரு டம்ளரிலிருந்து பருப்பை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை. மறுபடியும் நசுக்கினார். அவர் முகம் மாறியது.

“இது எந்தத் தெருத் தண்ணி?”

“சொல்ல மாட்டேன் சார்” என்றாள் பேச்சி.

கூட்டத்தில் எஸ்தரும் ரூத்தும் நின்றார்கள். இந்தப் பக்கம் மெர்சி, அவள் பக்கத்தில் பருத்த உடம்போடு அவளுடைய அம்மா.

“தெரு தெரியாம நான் எங்கம்மா குழாய் போடறது? யாருமே குறை சொல்லலன்னுதான் என்கிட்ட எழுதிக் குடுத்திருக்காங்க. பேரைச் சொல்லு.”

“வாக்குக் குடுத்திருக்கேன் சார்.”

பீட்டர் சார் என்னைப் பார்த்தார். நான் பேச்சியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் அந்தத் தெருவுக்குக் குழாய் வந்துவிடும். அந்த ஒரு வார்த்தையால் ஒரு கல்யாணம் நின்றுவிடும். பேச்சி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, வாய் மட்டும் திறக்கவில்லை. அவளை வாயாடி என்று சொன்ன ஆசிரியைகள் அத்தனை பேரையும் அங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. அதிகாரி தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த மேசைக்குத் திரும்பினார்.

“சார், அது எங்க தெரு.”

ரூத். அதுவரை அவள் குரலை நான் சரியாகக் கேட்டதே இல்லை. “எங்க வூட்டுக் கெணறு சார். ஷாப்புக்குப் பின்னாடி கீற தெரு. எங்கம்மா தெனம் லைனத் தாண்டிப் போய் கொடம் தூக்குறாங்க. நான் கல்யாணம் ஆயி போய்ட்டா, அவங்கதான் தூக்கணும், சாவுற வரைக்கும். எழுதிக்குங்க சார்.”

எஸ்தர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எல்லோர் கண்ணும் மெர்சியின் அம்மாவின் மேல் போயிற்று. அந்த அம்மா மெதுவாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைக்கு வந்தார். வேகாத பருப்பை அவரும் ஒன்று எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

“எங்க தெருவ இன்னாத்துக்கு வுட்டீங்க?” என்று கேட்டார். “எங்க தெருவுல மட்டும் இன்னா, தேனா ஓடுது? நானும்தான் தெனம் பருப்புத் தண்ணிக்கு நடக்கறேன். மருமக வந்து பாத்துட்டு ஓடிடப் போறாளேன்னு நாங்களும்தான் நல்ல தண்ணின்னு சொல்லிக்கினு கீறோம். ஏம்மா எஸ்தரு, கொடம் தூக்கத் தெரிஞ்ச பொண்ணு எங்களுக்கு வேணாம்னா நெனச்ச? எங்க தெரு பேரையும் எழுதிக்கோ சார்.”

அப்புறம் யார் நிறுத்துவது? “எங்க தெருவும் சார்!” “எங்க பக்கமும்தான்!” என்று பெண்கள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். இத்தனை நாளும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டிருந்த தெருக்கள் எல்லாம், யார் தண்ணீரில் பருப்பு வேகாது என்று போட்டி போட்டுச் சொல்லின. அதிகாரி உட்கார நாற்காலி கேட்டார். எஸ்தர் அழுதுகொண்டே சிரித்தார். பேச்சி அவரைக் கட்டிக்கொண்டு, “அக்கா, நான் சொல்லல, பாத்தீகளா, நான் சொல்லல!” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நானும் அழுதேன். அதில் என்ன வெட்கம்?

முதல் பரிசு வாலாஜாபேட்டைக்குப் போனது. தெர்மோகோல் ஆறு அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. கிளம்பும்போது அந்த ஆசிரியர் தானாகவே வந்து எங்கள் பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் வைத்தார். “டீச்சர், உங்க பருப்பு வெந்துட்டுது” என்றார். முடிந்து வைத்திருந்த வார்த்தையை நான் அவிழ்க்கத் தேவையே இல்லாமல் போயிற்று.

அதன் பிறகு வந்த ஒரு பயிற்சி வகுப்பில் பீட்டர் சாரைப் பார்த்தேன். ரூத்தின் கல்யாணம் நன்றாக நடந்ததாகச் சொன்னார். ஷாப்புக்குப் பின்தெருவுக்குக் குழாய் வந்துவிட்டதாம். திறப்பு விழாவில் யாரோ ஒரு பெரிய மனிதரின் பெயரைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பெயரை ஒருவரும் சொல்வதில்லையாம். ‘பருப்புக் கொழா’ என்றுதான் தெருவே கூப்பிடுகிறதாம்.

ஊருக்கு வந்ததும் பேச்சியை வரவழைத்து இதைச் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:

“இப்பமாவது அங்க போனா மிளகு தூக்கலாப் போட்டு என் டம்ளர நெறைப்பாகளா டீச்சர்?”